அணியப்படும் செருப்பு: பாதப் பராமரிப்பில் நோயாளியின் சொல்

மரத்துப்போன பாதத்துக்கு அளவெடுத்துச் செருப்பு தைத்துக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணம் பாதச் சிகிச்சைப் பிரிவுகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கொடுத்த செருப்பு காலில் ஏறியதா என்று தேடிப் போய்ப் பார்த்தவர்கள் கண்டது வேறு. இங்கிலாந்தில் 1996-இல் வெளியான ஓர் ஆய்வில், சிறப்புக் காலணி பெற்ற சர்க்கரை நோயாளிகள் 50 பேரில் 22 விழுக்காட்டினர்தான் அதை நாள் முழுவதும் ஒழுங்காக அணிந்தார்கள். நெதர்லாந்தில் 2013-இல் வெளியான ஆய்வு இன்னும் நுட்பமானது. பாதப் புண் வந்து ஆறிய 107 பேரின் காலணிக்குள் சிறு உணர்கருவியைப் பொருத்தி, காலில் நடையளவியும் கட்டிக் கணக்கெடுத்தார்கள். வெளியே போகும்போது 100 எட்டுகளில் 87 எட்டுகளைக் காலணியோடு வைத்தவர்கள், வீட்டுக்குள் 61 எட்டுகளைத்தான் அப்படி வைத்தார்கள். அவர்கள் அதிகம் நடந்ததோ வீட்டுக்குள். அதே ஆண்டில் அதே குழுவினர் வெளியிட்ட மற்றொரு ஆய்வில் 171 பேரை 18 மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். உள்ளங்காலில் விழும் அழுத்தத்தைக் கருவியால் அளந்து திருத்திய காலணிக்கும், வழக்கமான சிறப்புக் காலணிக்கும் ஒட்டுமொத்தத்தில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. தம் நடையில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் காலணி அணிந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோதுதான் வேறுபாடு வெளிப்பட்டது: திருத்திய காலணி பெற்றவர்களில் 25.7 விழுக்காட்டினருக்கும், மற்றவர்களில் 47.8 விழுக்காட்டினருக்கும் புண் திரும்ப வந்திருந்தது. செருப்பின் தரம் முக்கியம்தான். ஆனால் அந்தத் தரம் பலன் தருவது, அணியும் காலுக்கு மட்டுமே.

இந்த இடைவெளியை நாம் பொதுவாக எப்படி விளக்குகிறோம்? நோயாளியின் கோப்பில் ‘அறிவுரையைப் பின்பற்றவில்லை’ என்று ஒரு வரி எழுதுகிறோம். அந்த வரியோடு விசாரணை நின்றுவிடுகிறது. ஏன் பின்பற்றவில்லை, எந்த இடத்தில், எந்த நேரத்தில், யார் முன்னிலையில் என்ற கேள்விகள் எழுவதே இல்லை. இந்த அத்தியாயத்தின் நிலைப்பாடு இதுதான்: ஒருவர் எந்தச் செருப்பை அணிவார், எதை அணிய மாட்டார் என்பது அவருடைய பாதத்தில் உணர்வு இருக்கிறதா இல்லையா என்பதற்கு இணையான மருத்துவத் தகவல். அதைக் கேட்டுப் பெற வேண்டும், பதிவுசெய்ய வேண்டும், அதற்கேற்பச் செருப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேட்காமல் கொடுத்த செருப்பு திண்ணையோரம் கிடந்தால், பொறுப்பின் பெரும்பங்கு கொடுத்தவரைச் சேர்ந்தது.

இதற்கு வலுவான சான்று தமிழ் மண்ணிலேயே இருக்கிறது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் கால்கள் அழுகுவது நோயின் இயல்பு என்று மருத்துவ உலகம் நம்பிய காலம் அது. நோய் நரம்பைத் தாக்கி உணர்வைப் பறிக்கிறது, உணர்வில்லாத கால் தன்மேல் விழும் காயத்தை அறியாமல் மேலும் மேலும் நடந்து தன்னையே அழித்துக்கொள்கிறது என்பதை அவரும் உடன் உழைத்தவர்களும் நிறுவினார்கள். காரணம் அழுத்தமும் உராய்வும் என்றால் பரிகாரம் செருப்பில் இருக்கிறது. வேலூரிலும், 1955-இல் தொடங்கப்பட்ட கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மையத்திலும் நடந்த சோதனைகளின் வழியே நுண்துளை ரப்பர் உள்ளடி பரவலான பயன்பாட்டுக்கு வந்தது. மருத்துவமனைகளில் எல்லாரும் எம்.சி.ஆர். செருப்பு என்று சொல்வது இதைத்தான். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கும், எடுத்தால் எழும்பும் மென்மையான ரப்பர் மேலே. முள்ளும் ஆணியும் ஏறாத கெட்டியான அடி கீழே. பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் மருத்துவமனைக்குச் சென்றபோது இந்தப் பாடமும் கூடவே போனது. சர்க்கரை நோயால் மரத்த கால்களுக்கும் அது பயன்பட்டது. எளிய பொருள் எவ்வளவு காக்கும் என்பதற்குச் சென்னையில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வைச் சொல்லலாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்த 241 பேரை 9 மாதம் பின்தொடர்ந்ததில், சிகிச்சைச் செருப்பு அணிந்தவர்களில் சுமார் 4 விழுக்காட்டினருக்கும், சாதாரணச் செருப்பு அணிந்தவர்களில் 33 விழுக்காட்டினருக்கும் புதிதாகப் புண் வந்திருந்தது.

இவ்வளவு நல்ல செருப்பைப் பல தொழுநோயாளிகள் அணிய மறுத்தார்கள். கறுத்த ரப்பர், அகலமான வார், குதிகாலைச் சுற்றிய பட்டை, எல்லாருக்கும் ஒரே வடிவம் என்று அரசுத் திட்டத்தில் விநியோகிக்கப்பட்ட அந்தச் செருப்பு, அணிந்தவர் இன்னார் என்று தெருவுக்கே அறிவித்தது. கை கால்களில் வெளியே தெரியும் குறைபாடு ஏதும் இல்லாத, மருந்து சாப்பிட்டு முழுமையாகக் குணமான ஒருவரையும் அது காட்டிக்கொடுத்தது. இந்து திருமணச் சட்டத்தில் 2019-இல் திருத்தம் வரும்வரை தொழுநோய் விவாகரத்துக்குரிய காரணங்களுள் ஒன்றாக இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் கறுப்புச் செருப்பைப் பையில் ஒளித்து வைத்துவிட்டு ரப்பர் ஹவாயில் பேருந்து ஏறிய பெண்ணின் கணக்கு நமக்குப் புரியும். அவர் எடைபோட்டது வருமா வராதா என்று தெரியாத ஒரு புண்ணை, உறுதியாக வந்து சேரப்போகும் ஒரு விலக்கலோடு. பின்னாளில் எம்.சி.ஆர். உள்ளடியைக் கடைச்செருப்பு போன்ற வடிவங்களில், பழுப்பும் நீலமுமாக, மேலே தோல் ஒட்டித் தைக்கத் தொடங்கியது அழகுக்காகச் செய்த சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். காலில் ஏறாத மருந்தைக் காலில் ஏற்றுவதற்கான மருத்துவத் திருத்தம் என்றே அதைப் பார்க்க வேண்டும்.

சர்க்கரை நோய்க்குத் தொழுநோய் அளவுக்குக் களங்கம் இல்லையே, அந்தப் பாடம் இங்கே எதற்கு என்று கேட்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. வீட்டுக்கு வீடு இருக்கும் நோய்க்கு என்ன வெட்கம்? ஆனால் மாத்திரை சட்டைப்பைக்குள் இருக்கும், ஊசி கதவு மூடிய அறைக்குள் போடப்படும். செருப்பு மட்டும்தான் வீதிக்கு வருகிறது. கால் மரத்தவருக்கு வலி இல்லை. வலி இல்லாததால் தன் காலில் நோய் இருப்பதாகவே அவர் உணர்வதில்லை. அப்படிப்பட்டவரிடம் தடித்த, அகன்ற, மருத்துவமனை வாசனை வீசும் ஒன்றைக் கொடுத்து ‘இனி இதுதான் உங்கள் செருப்பு’ என்று சொல்லும்போது, நேற்றுவரை ஆசிரியையாகவும் அத்தையாகவும் சங்கத் தலைவராகவும் இருந்தவர் இன்று முதல் நோயாளி என்று அறிவிக்கிறோம். பலர் மறுப்பது அந்த அறிவிப்பைத்தான்.

இங்கே வலுவான ஒரு எதிர்ப்பு எழும்: காலே போய்விடும் என்னும்போது அழகு ஒரு பேச்சா? இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். வெட்டி எடுக்கப்பட்ட கால்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்தவர்கள் அவர்கள். ஆனால் கேள்வி பிழையாக அமைந்திருக்கிறது. காலைக் காக்கும் அம்சங்களும் கண்ணுக்குத் தெரியும் அம்சங்களும் பெரும்பாலும் வேறு வேறானவை. மென்மையான உள்ளடி, விரல்கள் நசுங்காத உயரமும் அகலமும், கெட்டியான வெளியடி, கழன்று விழாத பின்பட்டை, உள்ளே உறுத்தாத தையல் ஆகியவற்றில் விட்டுக்கொடுக்க முடியாது. நிறம், வாரின் வடிவம், மேற்பகுதியின் பொருள், முன்பக்கம் மூடியதா திறந்ததா, வெல்க்ரோவா கொக்கியா என்பவற்றில் பெரும்பாலானவை அணிபவரின் விருப்பத்துக்கு விடக்கூடியவை. மூக்குக் கண்ணாடியில் பவரை மருத்துவர் முடிவுசெய்கிறார், சட்டத்தை அணிபவர் தேர்ந்தெடுக்கிறார். அதனால் பார்வை கெட்டுவிட்டதாக யாரும் சொன்னதில்லை. செருப்பிலும் இந்தப் பிரிவினை சாத்தியம். எதெல்லாம் பவர், எதெல்லாம் சட்டம் என்பதை நோயாளிக்கு முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டால், விட்டுக்கொடுக்க முடியாதவற்றை அவர் ஏற்றுக்கொள்வதும் எளிதாகிறது.

ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் செருப்பில் விருப்பத்துக்கு எங்கே இடம் என்ற பேச்சு இதைவிட வேதனையானது. தமிழகக் கிராமங்கள் பலவற்றில், ஆதிக்கச் சாதித் தெருக்களில் தலித் மக்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டுப்பாட்டை அனுபவித்த முதியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் செருப்பு என்பது வெயிலுக்கும் முள்ளுக்குமான பாதுகாப்போடு முடிவதில்லை. போராடிப் பெற்ற சமத்துவம் அது. நல்ல தோல்செருப்பு அணிந்து ஊர் நடுவே நடக்கும் ஒரு முதியவரிடம், அதைக் கழற்றிவிட்டு இந்த ரப்பரைப் போடுங்கள் என்று சொல்லும் செவிலியர், தாம் எதைக் கழற்றச் சொல்கிறோம் என்பதை அறிந்திருக்க வேண்டும். அவருடைய தோல்செருப்பின் தோற்றத்திலேயே ஆழமான உள்ளடியும் பின்பட்டையும் வைத்துத் தைத்துக் கொடுக்க முடியும். கொஞ்சம் கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

கேட்க வேண்டிய கேள்விகள்

பரிசோதனை வழக்கம்போலத் தொடங்கட்டும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால், கண்ணை மூடச்சொல்லி, பெருவிரலிலும் முன்பாதத்தின் எலும்பு முனைகளிலும் தொட்டுப் பாருங்கள். காய்ப்பு ஏறிய தோலைத் தவிருங்கள். இழை இல்லாத இடத்தில், இரு பாதங்களிலும் முதல், மூன்றாம், ஐந்தாம் விரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் ஓரிரு நொடி மெல்லத் தொட்டுக் கேட்கலாம். உணர்வும் நாடித்துடிப்பும் நன்றாக இருக்கும் பாதத்துக்குச் சிறப்புச் செருப்பு தேவையில்லை. அளவு சரியான சாதாரணச் செருப்பும், ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனையும் போதும். தேவையில்லாதவரிடம் சிகிச்சைச் செருப்பைத் திணித்தால், உண்மையாகத் தேவைப்படும் நாளில் நம் சொல்லுக்கு மதிப்பிருக்காது.

உணர்வு குறைந்திருந்தால், அடுத்த பரிசோதனை நாவால் செய்வது. ‘செருப்பு போடறீங்களா?’ என்று கேட்டால் ‘போடறேன்’ என்ற பதில்தான் வரும். மருத்துவமனையில் வேறு பதில் சொல்ல யாருக்கும் துணிவிருக்காது. ‘இதை எங்கெங்கே போட முடியாது, சொல்லுங்கம்மா’ என்று கேட்டால் பட்டியல் விரியும். அடுப்படி, பூசை அறை, வயல், துக்க வீடு, மகளின் பள்ளிக்கூடம், சம்பந்தி வீடு. ‘காலையில எழுந்ததும் முதல்ல எங்கே கால் வைக்கிறீங்க?’ என்ற கேள்வி வீட்டுக்குள் நடக்கும் வெறுங்கால் நடையை வெளியே கொண்டுவரும். ‘அடுத்த ரெண்டு மாசத்துல கல்யாணம், திருவிழா, பயணம் ஏதாவது உண்டா?’ என்று கேட்டுவைத்தால் வரப்போகும் ஆபத்தை முன்கூட்டியே பார்த்துவிடலாம். அடுத்த முறை வரும்போது வீட்டிலுள்ள எல்லாச் செருப்புகளையும் ஒரு பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். தேய்ந்திருக்கும் இடமும் தேயாத புதுமையும் வாய் சொல்லாததைச் சொல்லிவிடும். கூட்டம் அலைமோதும் புறநோயாளிப் பிரிவில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்ற எதிர்ப்பு நியாயமானதுதான். ஆனால் இவை சில நிமிடத்துக் கேள்விகள், மருத்துவரே கேட்க வேண்டியதில்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் போன்ற திட்டங்களில் வீட்டுக்கே போகும் பணியாளர்கள் வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே பாதியைத் தெரிந்துகொள்ளலாம். ஆறிய பாதப் புண் ஓராண்டுக்குள் திரும்ப வருவது சுமார் 40 விழுக்காட்டினருக்கு என்பது உலகளவிலான மதிப்பீடு. திரும்ப வந்த ஒரு புண்ணுக்கு வாரக்கணக்கில் கட்டுப்போடும் நேரத்தோடு இந்தச் சில நிமிடங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வீடு, கோயில், கல்யாணம்

வீட்டுக்குள் செருப்பு என்பது நம் பக்கத்தில் எல்லாவற்றிலும் கடினமான கோரிக்கை. தெருவில் மிதித்ததை வாசலில் விடுவது சுத்தத்தோடும் மரியாதையோடும் கலந்த பழக்கம். ‘வீட்டிலும் கழற்றாதீர்கள்’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அது நிறைவேறாது. வீட்டிலுள்ள பெரியவர்கள் முகம் சுளித்தால் இரண்டாம் நாளே செருப்பு வெளியே போய்விடும். வழி, வீட்டுக்கென்றே ஒரு தனி ஜோடி. நிறத்திலேயே வேறுபட்டது, கழுவக்கூடியது, வாசல் தாண்டாதது. நெதர்லாந்துக் குழுவினர் பின்னர் வீட்டுக்கென்று இலகுவான தனிக் காலணி செய்து கொடுத்துப் பார்த்தபோது, முன்பு குறைவாக அணிந்தவர்களிடம் அணியும் நேரம் கூடியது. செருப்பை உள்ளே விடாத பழக்கம் இன்னும் இறுக்கமாக இருக்கும் நம் வீடுகளில் இந்த ஏற்பாட்டின் தேவை இன்னும் பெரிது. இதை நோயாளியிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை. மாமியாரோ மருமகளோ, வீட்டில் யாருடைய சொல் செல்லுமோ அவரை அழைத்து, இது தெருச் செருப்பு அல்ல, கட்டுத்துணியைப் போல ஒரு சிகிச்சைப் பொருள் என்று காட்டிச் சொல்ல வேண்டும். பூசை அறையில் கழற்றியே ஆக வேண்டும் என்றால், வாசற்படியில் கழற்றி, உள்ளே விரித்த தடித்த பாயில் உட்கார்ந்து வழிபட்டுவிட்டுத் திரும்ப அணியட்டும். நாளின் சில நிமிடங்களுக்காக மீதி நேரம் முழுவதையும் இழக்க வேண்டாம்.

கோயிலும் பாதயாத்திரையும் நம் தொழிலில் பலர் வாய்கூசும் விஷயங்கள். ஒன்று, ‘போகாதீர்கள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இல்லையென்றால் பேசாமலே விட்டுவிடுகிறார்கள். தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடப்பவருக்கும், சபரிமலைக்கு மாலையிட்டு விரத நாள் முழுவதும் செருப்பைத் துறப்பவருக்கும் வெறுங்கால் என்பது வேண்டுதலின் உயிர்ப்பகுதி. தடை விதித்தால் அவர் போவார், நம்மிடம் சொல்லாமல் போவார். ஆகவே ஆபத்தை மறைக்காமல் சொல்லுங்கள்: இழையின் தொடுதல் தெரியாத காலுக்குக் கொப்புளமும் தெரியாது, கண்ணாடிச் சில்லும் தெரியாது, சித்திரை வைகாசி வெயிலில் கோயில் பிராகாரக் கல் உள்ளங்காலைச் சுடுவதும் தெரியாது. பிறகு, இதில் எந்தப் பகுதியை மாற்ற முடியும் என்று அவரையே கேளுங்கள். நடைப்பயணத்தைச் செருப்போடு நடந்து சந்நிதியில் மட்டும் வெறுங்காலோடு நிற்க ஒப்புக்கொள்பவர்கள் உண்டு. உச்சிவெயிலைத் தவிர்த்து விடியலில் வலம்வருபவர்கள் உண்டு. அனுமதிக்கும் கோயில்களில் தடித்த காலுறை உதவும். எதற்கும் இணங்காதவரிடம், தங்கும் இடம் ஒவ்வொன்றிலும் உடன்வருபவர் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், கொப்புளம் கண்டால் அத்துடன் வண்டியேற வேண்டும் என்ற உறுதியையாவது வாங்கலாம். உள்ளங்காலில் புண் இருக்கும்போது மட்டும் இதில் பேரம் இல்லை. அதை நேரடியாகச் சொல்லிவிட வேண்டும்.

பெண்களிடம் மெட்டியைப் பற்றிப் பேசும்போது கூடுதல் கவனம் வேண்டும். வீங்கிய, மரத்த விரலில் இறுகிய மெட்டி தோலை அறுக்கும். பக்கத்து விரலில் உராய்ந்து புண்ணாக்கும். ஆனால் ‘கழற்றுங்கள்’ என்ற சொல் அவர் காதில் எப்படி விழும் என்று யோசிக்க வேண்டும். கணவர் இருக்கும்போது மெட்டியைக் கழற்றுவது பல வீடுகளில் சொல்லவே கூசும் செயல். வாய் திறந்த, தளர்த்தக்கூடிய, விளிம்பு மழுங்கிய மெட்டிக்கு மாற்றச் சொல்லலாம்; தினமும் இரவில் அதை நகர்த்தி அடித்தோலைப் பார்க்கச் சொல்லலாம். வீக்கம் இருக்கும் வாரங்களில் மட்டும் எடுத்துச் சாமி படத்தருகே வைத்திருந்து பிறகு அணியலாம் என்ற யோசனையைப் பலர் ஏற்பார்கள். கல்யாண வீட்டுக்கும் இதே அணுகுமுறைதான். பட்டுப்புடவைக்குக் கீழே சிகிச்சைச் செருப்பு வேண்டாம் என்பவருக்கு, அகலமான முன்பகுதியும் பின்பட்டையும் உள்ள, மேலே ஜரிகை வைத்த ஒரு ஜோடியை மூன்று மணி நேரத்துக்கென்று அனுமதித்து, வீடு திரும்பியதும் கால் பார்க்கச் சொல்வது, நாள் முழுவதும் கூர்மூக்குச் செருப்பில் அவர் நிற்பதைவிட எவ்வளவோ மேல்.

விட்டுக்கொடுக்க முடியாதவற்றுக்கு வருவோம். பெருவிரலிடுக்கில் குமிழ் நுழையும் ஹவாய் வகை மரத்த காலுக்கு ஆகாது: இடுக்கில் அறுக்கிறது, பிடிப்பதற்காக விரல்களை மடக்க வைக்கிறது, கழன்று விழுந்தாலும் அணிந்தவருக்குத் தெரிவதில்லை. உள் நீளம் பாதத்தைவிட 1 முதல் 2 சென்டிமீட்டர் கூடுதலாகவும், அகலம் முன்பாதத்தின் அகன்ற பகுதிக்குச் சமமாகவும் இருக்க வேண்டும். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், நிற்க வைத்து அளவு பாருங்கள். மரத்த கால் ‘இறுக்கமா இல்லை’ என்று சொல்வதை நம்ப முடியாது. இறுக்கமான செருப்பையே அது சரியான அளவாக உணரும். அதனால் நிற்க வைத்துக் காகிதத்தில் பாதத்தை வரைந்து, வெட்டி, செருப்புக்குள் வைத்துப் பாருங்கள். காகித விளிம்பு மடங்கினால் அந்தச் செருப்பு வேண்டாம். புதிதாக அணியும் முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கழற்றியதும் சிவந்திருக்கும் இடம் அரைமணியில் மங்காவிட்டால் செருப்பைத் திருத்த வேண்டும். அணியும் முன் உள்ளே கையை விட்டுப் பார்க்கும் பழக்கம் எல்லாருக்கும் சொல்லித்தர வேண்டியது. தொழுநோயில் கையும் மரத்திருக்கும் என்பதால் அவர்கள் தட்டி உதறிக் கண்ணால் பார்க்க வேண்டும். வார் மாட்ட அவர்களுக்குக் கொக்கியைவிட வெல்க்ரோ எளிது. நுண்துளை ரப்பர் சில மாதங்களில் நசுங்கித் தன் எழும்பும் தன்மையை இழந்துவிடும். வெளியே புதுசாகத் தெரிந்தாலும் உள்ளே அது வெறும் அட்டைதான். தேசியத் தொழுநோய்த் திட்டத்தில் ஆண்டுக்கு இரண்டு ஜோடி கொடுப்பது இதனால்தான்.

இவை எல்லாம் செய்ய நமக்குக் கிடைத்திருக்கும் மிகப்பெரிய உதவி, தெருமுனையில் அமர்ந்திருக்கும் செருப்புத் தைக்கும் தொழிலாளி. தலைமுறை தலைமுறையாகத் தோலைக் கையாண்ட திறமையைச் சாதியின் பெயரால் இழிவுபடுத்திய சமூகம் நம்முடையது. பாதச் சிகிச்சை அந்தத் திறமைக்குக் கடன்பட்டிருக்கிறது. மருத்துவமனைக் குழுவில் அவர்களுக்கு மரியாதையான இடமும் ஊதியமும் கொடுப்பது கடனை அடைப்பதன் தொடக்கம். நோயாளி ஏற்கெனவே விரும்பி அணியும் அகன்ற செருப்பில் பின்பட்டை சேர்ப்பதும், ஆழம் இருந்தால் எம்.சி.ஆர். உள்ளடியை ஒட்டுவதும், அதன் மேல் பழைய தோலின் நிறத்திலேயே ஒரு படலம் தைப்பதும் நல்ல கைக்குப் பெரிய வேலையே இல்லை. பாதத்தின் வடிவம் அதிகம் மாறியிருந்தால் மட்டும் அச்சு எடுத்துச் செய்யும் இடத்துக்கு அனுப்புங்கள். அப்போதும் நோயாளி எந்த நிறம், எந்த வார் கேட்டார் என்பதைச் சீட்டில் எழுதி அனுப்புங்கள்.

இந்த வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. உள்ளங்காலில் திறந்த புண் இருக்கும் காலத்தில், கழற்ற முடியாத மாவுக்கட்டு போன்ற சாதனமே முதல் தேர்வு. கழற்றக்கூடிய பாதுகாப்புக் காலணி கொடுத்து அளந்து பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், புண் உள்ளவர்கள் தம் அன்றாட நடையில் 28 விழுக்காட்டின்போதுதான் அதை அணிந்திருந்தார்கள். அப்படியென்றால் விருப்பத்தைக் கேட்பது வீண் என்று ஆகாதா? ஆகாது. சில வாரங்களுக்குக் கழற்ற முடியாத ஒன்றை ஒருவரின் காலில் பூட்டுவதென்றால் அவருடைய சம்மதம் இன்னும் முக்கியமாகிறது: எவ்வளவு நாள், எப்படிக் குளிப்பது, வேலைக்கு என்ன செய்வது, இரத்த ஓட்டமும் கிருமித் தொற்றும் இதற்கு இடம்கொடுக்கின்றனவா என்றெல்லாம் முதலில் பேசியாக வேண்டும். ஆறிய பிறகு வாழ்நாள் முழுவதும் அணிய வேண்டிய செருப்புக்கு இந்த வழி பொருந்தாது. அங்கே பூட்டு கிடையாது, ஒப்புதல் மட்டுமே உண்டு.

கடைசியாகக் கோப்பில் எழுதுவது பற்றி. ‘அறிவுரையைப் பின்பற்றவில்லை’ என்பதை அழித்துவிட்டு, நடந்ததை எழுதுங்கள்: ‘வெளியே அணிகிறார். சமையலறையில் அணிவதில்லை, தரை ஈரத்தில் வழுக்குவதாகச் சொல்கிறார். பழுப்பு நிறம் கேட்டார். மாசியில் குலதெய்வக் கோயில் பயணம்.’ இவ்வளவு இருந்தால், அடுத்த மாதம் அந்த மேசையில் உட்காரும் வேறொரு செவிலியர் முதல் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. வழுக்காத அடியுள்ள வீட்டுச் செருப்பு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, மாசிப் பயணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.